கிழியாத விசிட்டிங் கார்டு

இன்றைக்கு ஒரு வெளியூர்க்காரர் முன்னால் அசடு வழிய நின்றேன். காரணம் நீங்கள். அதனால்தான் கடையைக் கொஞ்சம் முன்னதாகவே சாத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டித் தருகிறோம் என்று நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்த ஒருவர் நம் செம்மேட்டுக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். என் கடைக்கும் வந்தார். தன்மையாகத்தான் பேசினார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கிய மறு நொடி என் கை தன் போக்கில் அதை இரு முனையிலும் பிடித்து இழுத்தது. கிழியவில்லை. மேலே பிளாஸ்டிக் பூசிய வழவழப்புக் கார்டு. முறுக்கினேன். நடுவில் வெள்ளைக் கோடு விழுந்ததே தவிர கிழியவில்லை.

"ஏனுங்க்கா, வேண்டாம்னா வாயில சொன்னாப் போதாதுங்களா?" என்றார் பாவம்.

அவரிடம் என்ன சொல்வது? இந்த மாதிரி ஒரு கார்டை நம்பி என் மகளையும் பேத்தியையும் மண்ணுக்குள் விட்டிருப்போம் தம்பி என்றா? ஏதோ கை தவறிவிட்டது என்று மழுப்பி அனுப்பினேன். அவர் போன பிறகு வேலை ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தைக்க வேண்டிய ஜாக்கெட் அப்படியே கிடக்கிறது.

நீங்கள் லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நம் வீட்டில் பஞ்சமில்லாமல் கிடைத்த ஒரே பொருள் விசிட்டிங் கார்டுதான். அறை எடுக்க வருகிற எல்லோரும் ஒன்றை நீட்டுவார்கள். போர்வெல்காரர், கோழித் தீவனக்காரர், லாரிக்குப் பாடி கட்டுகிறவர், கல்யாணச் சமையல்காரர், நகைக்கடைக்காரர். "கீழ வந்தா ஒரு போன் போடுங்க" என்பார்கள். நீங்கள் ஒருத்தருக்கும் போன் போட்டதில்லை. ஆனால் கார்டைக் குப்பையில் போடவும் மனசு வராது. "ஒரு மனுசன் பேரு அச்சடிச்சிருக்குது புள்ள, எப்படித் தூக்கி வீசறது?" என்பீர்கள். அச்சடித்த அந்தப் பேரை நாலாக மடித்து ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் வைப்பதில் மட்டும் உங்களுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

காற்றடித்தால் கடகடக்கும் ஜன்னலில் செருக ஒன்று. கிரைண்டர் கல்லில் ஒட்டிய மாவை வழிக்க ஒன்று, அதற்கு வளைந்து கொடுக்கும் கார்டாகத் தேடி எடுப்பீர்கள். மிளகைப் பாட்டிலில் கொட்டக் கார்டைச் சுருட்டிப் புனல். நாற்றுப் பைகளில் இது இந்தக் கொடி, அது அந்தக் கொடி என்று எழுதிக் குத்தி வைக்க ஒரு கட்டு. எனக்கும் செய்து கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் பிறையாக வெட்டி நூல் சுற்றி வைக்கக் கொடுத்தீர்கள். ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு ஜாக்கெட் கொக்கிகளை மாட்டி வைக்கக் கொடுத்தீர்கள். பாவாடைக்கு மடிப்பு அடிக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே அகலம் வருவதற்காகக் கோடு போட்டுக் கொடுத்த கார்டை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது ஒரு பல் டாக்டரின் பெயர். ஊரில் பாதிப் பெண்களின் பாவாடை அவர் அகலத்தில்தான் மடிந்திருக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

தீபா குழந்தை பெற்று நம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் புதிதாக ஒன்று கண்டுபிடித்தீர்கள். கார்டுகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பசையே இல்லாமல் ஒரு பெட்டி வரும். அதற்குள் கொஞ்சம் சாமை போட்டு மூடி, தூளிக்கு மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டீர்கள். தூளி ஆடினால் அதுவும் ஆடிக் கிலுகிலுக்கும். குழந்தை கண்ணை அகட்டிக்கொண்டு பார்க்கும்.

"ஊர்ல எல்லாருக்கும் அப்பன் ஊட்டுச் சீரு வெள்ளியில வரும். எனக்குக் கோழித் தீவனக் கார்டுல வந்திருக்குது" என்று தீபா சிரிப்பாள். சிரித்தால் தையல் போட்ட வயிறு வலிக்கும் என்று கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பெல்லாம் சில நாள்தான். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

செம்மேட்டுக்கு வருமுன், மலையில் குண்டனி நாட்டு ஊரில் நம் வீடு எப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கு மூச்சு சீராகிறது. மேட்டைச் செதுக்கிச் சமமாக்கிக் கட்டிய வீடு. பின்சுவருக்கும் மண் மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து. ரோட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் அந்தச் சந்து வழியாகத்தான் போய் ஏற வேண்டும். மேட்டுக்கு மேலே இருந்த இடத்தை யாரோ வாங்கி, கார் நிறுத்த வசதியாக நிலத்தை வெட்டினார்கள். அதுவரை ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த மழைத்தண்ணீர் நம் பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த ஐப்பசியில் பின்சுவரில் கூரையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. தீபாவின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. முன்பக்க அறை முழுக்க ஒழுகிற்று. அவளை வேறு எங்கே படுக்க வைப்பது?

லாட்ஜில் தங்கிய கட்டட மேஸ்திரி ஒருவர் உங்களிடம் சொல்லியிருந்தார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்து வைத்தால், சுவர் நகரும்போது கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுக்குமாம். "கண்ணாடிக்கு எங்க போறது? நம்மகிட்டத்தான் கார்டு கெடக்குதல்லோ" என்று நீங்கள் சாயங்காலமே வேலையை ஆரம்பித்துவிட்டீர்கள். மைதா மாவில், பூச்சி பிடிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு நான்தான் பசை காய்ச்சிக் கொடுத்தேன். கார்டு சேர்த்து வைத்திருந்த பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு கார்டாகத் தடவிப் பார்த்தீர்கள். இருப்பதிலேயே உசத்தியானதாக, பிளாஸ்டிக் பூசிய நகைக்கடைக் கார்டுகளாகப் பொறுக்கி எடுத்தீர்கள். எதற்குமே எடுக்காமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தவை அவை.

"புள்ள படுத்திருக்கற செவுரு. இதுக்கு நல்ல கார்டாத்தான் ஒட்டோணும்" என்று விரிசலுக்குக் குறுக்கே மேலேயும் நடுவிலும் ஒட்டினீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மிச்சமிருந்த பசையில் போர்வெல்காரரின் சன்னமான கார்டு ஒன்றைத் தோய்த்து, கட்டிலுக்குப் பின்னால் தரையோரம், விரிசல் முடிகிற இடத்தில் ஒட்டினேன். "உங்க பணக்காரக் கார்டுக்குத் தொணையா எங்க ஏழைக் கார்டும் இருக்கட்டுமுங்க" என்றேன். நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். மேலே பார்ப்பீர்கள், நடுவில் பார்ப்பீர்கள். "நல்லா இருக்குது" என்பீர்கள். மழை கொட்டிக்கொண்டே இருந்தது. சந்தில் சேற்றுத்தண்ணீர் ஓடியது. "நல்லா இருக்குது" என்பீர்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். பிள்ளை பெற்ற தீபாவுக்குப் பத்தியம் வைக்க உங்கள் அக்கா வந்திருந்தார். அவருக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்.

அன்றைக்குக் காலையில் கட்டிலுக்கு அடியில் உருண்ட பூண்டை எடுக்கக் குனிந்தேன். போர்வெல்காரர் கார்டு இரண்டாகக் கிழிந்திருந்தது. ஒரு பாதி இந்தப் பக்கச் சுவரில், மறு பாதி அந்தப் பக்கச் சுவரில். நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. விரலை வெளியே எடுத்தபோது நுனியில் ஈர மண் இருந்தது.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தீபா பயந்துவிடக் கூடாதென்று நான் சத்தம் போடவில்லை. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த உங்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். நிமிர்ந்து உங்கள் கார்டுகளைப் பார்த்தீர்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அது ஈரத்துல ஊறிப் பிஞ்சிருக்கும் புள்ள. தொட்டாலே நைஞ்சு போற காயிதம். என்ற கார்டைப் பாரு, கிண்ணுனு நிக்குது."

"நைஞ்சு பிஞ்சது வேறங்க, இழுத்துக் கிழிஞ்சது வேறங்க. துணி தைக்கறவகிட்ட வந்து இதைச் சொல்லாதீங்க."

"மழை நாள்ல எதையாவது கெளப்பாத. நல்லா இருக்குது, போ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்போதும் நீங்கள் பயப்படுவீர்கள், நான் கேலி செய்வேன். அன்றைக்கு நான் பயந்தேன், நீங்கள் கேலி செய்தீர்கள். மெஷின் மேல் இருந்த கத்திரியை எடுத்தேன். கட்டில் மேல் ஏறி, தீபாவின் காலைத் தாண்டி நின்று, நடுவில் இருந்த உங்கள் நகைக்கடைக் கார்டின் ஓரத்தில் கத்திரி முனையை விட்டு நெம்பினேன். நெம்பவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்துக்கொண்டு, மறு பக்கம் கதவு மாதிரித் திறந்துகொண்டு ஆடியது. அதற்கு அப்பால், ஒரு விரற்கடை தள்ளி, பழைய பசைத் தடம் சுவரில் காய்ந்து கிடந்தது. சுவர் எப்போதோ விலகிப் போயிருக்கிறது. கார்டு கிழியாமல் ஒரு முனையை மட்டும் விட்டுவிட்டு, அழகாக, நேராக, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றிருக்கிறது. எத்தனை நாளாக அப்படி நின்றதோ தெரியாது. அத்தனை நாளும் நீங்கள் டார்ச் அடித்து நல்லா இருக்குது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை. வாயில் பற்பசை நுரை அப்படியே இருந்தது. அதைத் துப்பக்கூடத் தோன்றாமல், "எந்திரி சாமி" என்றீர்கள் தீபாவிடம்.

அடுப்படியிலிருந்து உங்கள் அக்கா ஓடி வந்தார். "உங்களுக்கெல்லாம் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பச்ச ஒடம்புக்காரியையும் பச்ச மண்ணையும் இந்த மழையில தூக்கிட்டு எங்கீடா போறே? நனைஞ்சா சன்னி வந்துரும். முப்பதாம் நாளு சாமி கும்புடாம வாசப்படி தாண்டக் கூடாது."

"சன்னி வந்தா வைத்தியம் பாத்துக்கலாங்க்கா" என்றீர்கள்.

அக்கா அடுப்படிக்கே திரும்பிப் போனார்.

மிளகு காயப்போடும் பிளாஸ்டிக் ஷீட்டை நீங்கள் உருவி வந்தீர்கள். குழந்தையைத் துணியோடு சுற்றிக் காய்கறிக் கூடைக்குள் வைத்து ஷீட்டால் மூடினேன். மூச்சு முட்டுமே என்று ஓர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். தீபா சுவரைப் பிடித்து எழுந்தாள். அந்தச் சுவரைத்தான் பிடித்தாள். "அதைத் தொடாத" என்று நான் கத்திய கத்தலில் குழந்தை வீறிட்டது.

சந்தில் கணுக்கால் வரை தண்ணீர். வேறு வழியில்லை, அந்த மேட்டுக்கு அடியில்தான் போக வேண்டும். நீங்கள் தீபாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனீர்கள். நான் கூடையோடு பின்னால். மேலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உதிர்ந்து என் தோளில் பட்டன. ஒரு கல் கூடையை மூடியிருந்த ஷீட்டில் விழுந்து உருண்டது. ஓடவும் முடியாது, வழுக்கும். நிற்கவும் முடியாது. தீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முடியலப்பா" என்றாள். "முடியும் கண்ணு. அப்பன் புடிச்சிருக்கறனல்லோ" என்றீர்கள். உங்கள் குரல் நடுங்கியது. அதுவரை உங்கள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் பங்காளியின் காப்பிக் களத்தில் தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் எங்களைக் கொண்டுபோய் விட்டீர்கள். தீபாவைச் சாக்கு மூட்டை மேல் சாய்த்து உட்கார வைத்தேன். அப்போதுதான் பார்த்தோம், உங்கள் அக்கா வரவில்லை.

நீங்கள் திரும்பிப் போனீர்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் நின்றால் நம் கூரை மட்டும் தெரியும். அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது அசைந்தால் நான் என்ன செய்வேன்? ஓடுவேனா, தீபாவுடன் நிற்பேனா? இன்றைக்கு வரை அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "அம்மா, அப்பா வந்துட்டாராம்மா?" என்று உள்ளேயிருந்து தீபா கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துட்டே இருக்கறாரு" என்று நான் பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் சந்து முனையில் நீங்கள் தெரிந்தீர்கள். ஒரு கையில் அக்கா. அக்காவின் கையில் பத்தியச் சோற்றுப் பானை. அதை அடுப்பிலிருந்து இறக்காமல் வர மாட்டேன் என்று நின்றாராம். மழையில் நனைந்துகொண்டே உங்களைத் திட்டிக்கொண்டு வந்தார். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, ஏதோ ஒன்று வாயிலிருந்து வந்தது.

அதற்கப்புறம்தான் இன்னும் கொடுமை. ஒன்றுமே நடக்கவில்லை. மழை தூறலாகிவிட்டது. மத்தியானமாகியும் நம் கூரை அப்படியே நின்றது. ஈரச் சாக்கில் தீபாவுக்குக் குளிர் நடுக்கம். குழந்தை பால் குடிக்காமல் அழுதது. உங்கள் அக்கா தரையில் உட்கார்ந்து, "ஒரு அட்டைத் துண்டுக்குப் பயந்து நல்ல ஊட்டை உட்டுட்டு வந்து இங்க கெடக்கறோம். ஊரு சிரிக்கும்" என்று ஆரம்பித்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கிழிந்தது அந்தச் சன்னக் காகிதம்தானே, எலி கிலி இழுத்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "போயி ஒரு நடை பாத்துட்டு, கம்பளி ரெண்டை எடுத்துட்டு வாரேன்."

"போங்க. நானும் வாரேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"நீங்க எதுக்கோ அதுக்கேதான்."

என் முகத்தைப் பார்த்தீர்கள். தீபாவைப் பார்த்தீர்கள். அப்புறம் உட்கார்ந்தீர்கள். என் வாழ்நாளில் நீங்கள் என் பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான், அதற்காக உங்களை எல்லாவற்றுக்கும் மன்னிக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

நாலு மணி பஸ் போன கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. மேலே வெட்டிய இடத்திலிருந்து மேடு முழுசாக இறங்கியது. கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, அப்புறம் உட்கார்ந்தது. மறுநாள் ஊர்க்காரர்கள் மண்ணை அள்ளியபோது பின்சுவர் தீபாவின் கட்டில் மேல்தான் படுத்திருந்தது. கட்டில் சட்டம் தரையோடு தரையாக இருந்தது. உங்கள் அக்கா அதைப் பார்த்துவிட்டு என் காலைத் தொட வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் பிழைத்தோம். ஊரே வந்து பார்த்தது. கார்டு ஒட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று உங்களைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டீர்கள். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "உன்ற கார்டு இல்லைன்னா, நான் நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டே எம்புள்ளையக் குழியில தள்ளியிருப்பேன்." அந்தப் பாரத்தை நீங்கள் இறக்கி வைக்கவே இல்லை. செம்மேட்டில் வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் இந்தக் கடையைப் போட்டேன். நீங்கள் ஒரு கார்டைக்கூட அதற்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஜன்னல் கடகடத்தால் துணியைச் செருகினீர்கள். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவீர்கள். எத்தனையோ முறை சொன்னேன், நடக்காததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. கேட்டால்தானே.

இனி எழுதப்போவதுதான் உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம். நன்றாகக் கேளுங்கள்.

மறு வருஷம் நீங்கள் வாடகை வீட்டு மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்க ஆரம்பித்தீர்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வாயு" என்பீர்கள். இஞ்சி தட்டிக் கொடுத்தேன். பெருங்காயம் போட்டு மோர் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றால், "நல்லா இருக்கறேன் புள்ள" என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவீர்கள். வேட்டி வெளுப்பாக இருக்கும். தலை படிய வாரியிருக்கும். லாட்ஜுக்கு ஒரு நாள் தவறாமல் போவீர்கள். நானும் அதைப் பார்த்துவிட்டு மெஷினில் உட்காருவேன்.

ஒரு மத்தியானம் லாட்ஜிலிருந்து ஆள் வந்தது. மேசையிலேயே சாய்ந்துவிட்டீர்களாம். ஆம்புலன்ஸில் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் ஒரு பக்கம் சரிவீர்கள், நான் இழுத்துப் பிடிப்பேன். எத்தனை வளைவுடா சாமி இந்த மலையில், முடியவே இல்லை. உங்கள் நெற்றி வேர்த்துக் குளிர்ந்து கிடந்தது. அப்போதும் என் கையை அழுத்தி, "பயப்படாத. நல்லா இருக்கறேன்" என்றீர்கள். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த லாட்ஜ்காரர்கள்தான் சொன்னார்கள். பல மாதமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்களாம். ஊட்டுக்குச் சொல்லிறாதீங்க, ஏற்கெனவே பயந்து கெடக்கறாங்க என்பீர்களாம். இதைக் கேட்டு அழுகை வரவில்லை எனக்கு. ஆத்திரம்தான் வந்தது. சுவரில் அந்தக் கார்டைப் பார்த்து அப்படி நடுங்கிப்போன நீங்கள், அதையே உங்கள் உடம்பில் செய்து என் முன்னால் நின்றிருக்கிறீர்கள். ஒரு முனை விட்டுப்போனதை எனக்குக் காட்டவே இல்லை. எங்களைப் பயமுறுத்தக் கூடாதென்று நினைத்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை. நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வலிக்குது என்று கத்தியிருந்தால் இந்த மலையையே தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

போன மாதம் தீபா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடைக்குள் வந்த அந்தப் பிள்ளைதான். இப்போது கடைவாசலில் ஓட்டம், ஒரு இடத்தில் நிற்பதில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஓடி வந்தவள் படிக்கல்லில் இடறி விழுந்தாள். நான் மெஷினிலிருந்து எழுவதற்குள் தானே எழுந்துவிட்டாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அப்படியே உங்கள் முகம்.

"ஒண்ணுமில்ல அம்மாயி" என்றாள்.

"காட்டு" என்றேன்.

"ஒண்ணுமில்லயே."

பிடித்து மடியில் உட்கார வைத்துப் பாவாடையை விலக்கினேன். முழங்கால் தோல் உரிந்து, ரத்தம் காலில் வழிந்து செருப்பு வரை வந்திருந்தது. தீபா உள்ளேயிருந்து, "அழாத சாமி, நீ பெரிய புள்ளையல்லோ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவளைக் கையமர்த்தினேன்.

"வலிக்குதா கண்ணு?"

ஆமென்று தலையசைத்தாள்.

"அப்ப அழு. நல்லாச் சத்தமா அழு. அம்மாயிக்குக் கேக்கோணும்."

என்னை ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து ஓவென்று ஆரம்பித்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளம்ப இருந்த பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னாச்சுங்க என்று கேட்டார். தீபா வெட்கப்பட்டுக்கொண்டு, போதும் நிறுத்து என்றாள். நான் நிறுத்த விடவில்லை. பிள்ளை அழுது முடிக்கும் வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.